பூட்டிய வீடுகளும் வாடகைக்கு அலையும் குடும்பங்களும்



நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் அடுத்தபடியாக இப்போது வீடுதான் அதிகம் கேட்கப்படுகிறது. "பணம் வேண்டாம் பாய், வாடகைக்கு ஒரு வீடு மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்கிறார்கள். கேட்பவர்கள் தெருவில் படுப்பவர்கள் அல்லர். ஓர் அறையும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள இடத்தில் பெற்றோர், திருமணமான மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேராக இருப்பவர்கள்.

நாடு முழுவதும் நிலைமை இதுதான். நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று 2012-இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணக்கிட்டது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, இப்படி நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் கட்டடங்கள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. கடை, கிடங்கு எல்லாம் சேர்ந்த கணக்குதான் அது. அப்படியே வைத்துக்கொண்டாலும், புதிதாகக் கட்டினால்தான் பற்றாக்குறை தீரும் என்ற பேச்சு பாதிதான் உண்மை என்பது விளங்கும்.

அடி அண்ணாமலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி மனை விலை ஏறியதும் வெளியூர்க்காரர்கள் பலர் வாங்கிக் கட்டினார்கள். சிலர் பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மட்டும் வருகிறார்கள். சிலர் டிசம்பர் முதல் மார்ச் வரை வரும் வெளிநாட்டினருக்கு விடுகிறார்கள். நான்கு மாத வாடகை ஒரு வருடத்துக்குப் போதும் என்றால், பன்னிரண்டு மாதமும் குடியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அந்த வீட்டை ஏன் விடப் போகிறார்? "மாமிசம் சமைப்பீர்களா?" என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்ட நம்மவர்களும் உண்டு. அதில் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய வீட்டைப் பூட்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்களே, அதை யாரிடம் முறையிடுவது?

வாடகை எட்டாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதை நம் ஊர் மறக்க முடியாது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மலையடிவாரத்தில் யாரும் ஆசைப்பட்டுக் குடியேறுவதில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் இடம் அதுவாக இருக்கிறது. அவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்கிறோம், சரி. எங்கே கொண்டு வைப்பது? சென்னையில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்தவர்களை ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பலருக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. வேலை இல்லாத இடத்தில் வீடு மட்டும் இருந்து என்ன செய்வது?

வீட்டுக்காரர்கள் ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "குடிவைத்தால் காலி செய்ய மாட்டார்கள்." இந்தப் பயம் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் வந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு கூட்டுவது என்பது ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகை. வாடகை பாக்கி நின்றாலோ, சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும் என்றாலோ உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்து வீட்டைத் திரும்பப் பெறலாம். அதேபோல, கோபத்தில் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது.

இருபது ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வருடத்துக்குக் குறைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டாம் என்பதால் வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. பதினொரு மாதம் என்றாலும் அது வேண்டும். பதியாத தாளை நம்பினால், பிரச்சினை என்று வரும்போது இரு தரப்புக்கும் கஷ்டம்.

போக்கியத்துக்கு விடுவது பற்றியும் கேட்கிறார்கள். பெருந்தொகையைக் கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது கடனின் மேல் அனுபவிக்கும் லாபம் என்பதால் உலமாக்கள் இதை வட்டியோடு சேர்த்துத் தடுக்கிறார்கள். அது மட்டுமல்ல, அத்தனை பெரிய தொகை கையில் இருப்பவர் நம்மிடம் வீடு கேட்டு வருவதில்லை.

அடுத்த தடை, பூட்டிய வீடு பூட்டியபடியே கெடுவது. ஓடு நழுவும், மேல்தளம் ஒழுகும், மோட்டார் துருப்பிடிக்கும். செலவு செய்ய உரிமையாளருக்கு மனமில்லை. இதற்கு நம் நிர்வாகக் குழு ஒரு வழி யோசித்திருக்கிறது. உதாரணமாக, பழுதுபார்க்க 60,000 ரூபாய் ஆகும், வாடகை 5,000 என்று வைத்துக்கொள்வோம். 60,000-ஐ அறக்கட்டளை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கும். மாத வாடகையில் பாதி உரிமையாளருக்கு, மீதி 2,500 கடனுக்கு. இருபத்து நான்கு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அந்த இரண்டு வருடமும் வாடகையைக் கூட்டக் கூடாது, அறக்கட்டளை சொல்லும் குடும்பத்துக்கே விட வேண்டும் என்பது நிபந்தனை.

இதற்கு ஜகாத் பணத்தைத் தொட மாட்டோம். ஜகாத் ஏழையின் கையில் உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். வசதியுள்ளவரின் கூரையைச் சரிசெய்ய அது ஆகாது. பழுதுபார்ப்புக் கடன் பொது நிதியிலிருந்து போகும். குடியேறும் ஏழைக்கு அட்வான்ஸ் கட்ட முடியவில்லை என்றால், அந்தத் தொகையை ஜகாத்திலிருந்து அவர் கையிலேயே கொடுக்கலாம்.

பழைய வீட்டைச் சரிசெய்வதில் இன்னொரு பயன், காசு ஊருக்குள்ளேயே நிற்பது. புது வீடு கட்டினால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுப்பது வெளியே போய்விடும். பழுதுபார்ப்பில் பெரும்பகுதி கூலி. கொத்தனார், சித்தாள், பெயிண்டர், பிளம்பர் எல்லாரும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற நகரம் இதைப் பெரிய அளவில் செய்தது. நகராட்சி, கல்லூரி, காவல்துறை போன்ற பொது நிறுவனங்கள் 2013 முதல் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் கொள்முதல் எந்த ஊருக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்தன. பள்ளி உணவு போன்ற பெரிய ஒப்பந்தங்களைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்ததால் உள்ளூர் வியாபாரிகளும் டெண்டர் போட முடிந்தது. 2012-13-இல் அந்த நகருக்குள் செலவான 3 கோடியே 80 லட்சம் பவுண்டு, 2016-17-இல் 11 கோடியே 23 லட்சம் பவுண்டானது. புது வரி எதுவும் போடவில்லை. ஏற்கெனவே செலவாகிற பணத்தையே உள்ளூர்ப் பக்கம் திருப்பினார்கள்.

அரசுத் திட்டத்துக்குக் காத்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். கலைஞர் கனவு இல்லம் நல்ல திட்டம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. ஆனால் சொந்த மனையில் குடிசையில் இருப்பவர்களுக்குத்தான் அது. வாடகைக்கு அலைபவரிடம் பட்டா ஏது? மேலும் அது ஊராட்சிகளுக்கான திட்டம். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. அதன் எல்லைக்குள் வரும் பகுதிகளுக்குக் கனவு இல்லமும் கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது. மனை உள்ளவர்கள் தங்கள் சர்வே எண் எந்த எல்லையில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தகுதி இருந்தால் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள். மனு எழுத அலுவலகத்தில் உதவி செய்கிறோம்.

பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். சாவி மச்சானிடம் இருந்தால் மச்சானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.