மீன் அமிலத்தில் இருக்கும் அமினோ அமிலம் நம் உடம்புக்கு என்ன செய்கிறது?

வேம்பார் பக்கம் மீன் கழிவுக்கும் பஞ்சமில்லை, கருப்பட்டிக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் சம எடையில் கலந்து மூடி வைத்து, 21 நாள் கழித்து வடித்தெடுத்தால் மீன் அமினோ அமிலம் கிடைக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து பயிருக்குத் தெளிக்கலாம். இது உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அமினோ அமிலம் என்றால் என்ன, அது நம் சாப்பாட்டுத் தட்டில் என்ன வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீரை நீக்கிப் பார்த்தால் மீனின் சதை பெரும்பாலும் புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்த பொருள். மீன் நொதிக்கும்போது அந்தச் சங்கிலி அறுகிறது. நம் வயிற்றிலும் அதேதான் நடக்கிறது. சாப்பிட்ட மீனோ பருப்போ அப்படியே நம் சதையாக ஒட்டிக்கொள்வதில்லை. இரைப்பையிலும் சிறுகுடலிலும் உடைந்து, அமினோ அமிலங்களாக ரத்தத்தில் கலந்து, செல்களுக்குப் போகிறது. செல்லுக்குள் ரைபோசோம் என்ற நுண்ணிய அமைப்பு, மரபணுவின் நகலைப் பார்த்து, எதற்கு அடுத்து எது என்று வரிசை மாறாமல் கோத்துப் புதுப் புரதம் செய்கிறது. தசை, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், செரிமான நொதிகள், முடி எல்லாம் இப்படி உருவானவையே.

கோக்கப் பயன்படுபவை 20 வகை. பயிர் இவை அனைத்தையும் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்தைக் கொண்டு தானே செய்துகொள்ளும். நம்மால் 9 வகையைச் செய்ய முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். அந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் கோக்கும் வேலை தடைப்படும். மீதியை நெல்லைப் போல குதிரில் போட்டு வைக்கவும் உடம்பில் இடமில்லை. உபரி உடைந்து, அதிலுள்ள தழைச்சத்து யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

அரிசி, கம்பு, சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்து, பாசி, துவரையில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அது தானியத்தில் இருக்கிறது. ஆகவே தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்று சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். ஒரே வேளையில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்பதில்லை, அன்றைய நாளுக்குள் சேர்ந்தால் போதும். மீனிலும் முட்டையிலும் ஒன்பதும் இருக்கின்றன. சாளையும் நெத்திலியும் விலை உயர்ந்த மீனுக்கு இதில் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 400 கிராம் அரிசியில் கிடைப்பது ஏறத்தாழ 30 கிராம், அதிலும் லைசின் பற்றாக்குறை. வளரும் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும்தான் இது அதிகம் பாதிக்கும்.

விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் மானாவாரியில் உளுந்தும் பாசியும் விளைவிக்கிறோம். களத்திலிருந்தே மொத்தத்தையும் வியாபாரிக்கு அளந்துவிட்டு, வீட்டில் வெறும் சோறும் ரசமுமாக நாளைக் கடத்தும் குடும்பங்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு, ஆளுக்கு 40 கிராம் வீதம் வருடத்துக்கு 58 கிலோ பருப்புதான் ஆகிறது. ஒரு மூட்டையை வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டு மீதியை விற்கலாம்.

கோழிக்கும் நம்மைப் போலத்தான், லைசினும் மெத்தியோனினும் தீவனத்திலேயே வரவேண்டும். வெறும் மக்காச்சோளம் போட்டால் முட்டை குறையும். உப்பில்லாமல் காய வைத்த மீன் தூளைக் கொஞ்சம் சேர்க்கலாம். உப்புக் கருவாட்டுத் தூள் வேண்டாம், உப்பு அதிகமானால் கோழி செத்துவிடும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கருவாட்டை ஊற வைத்து, உப்பை நன்றாகக் கழுவி, அளவாகச் சாப்பிட வேண்டும்.

ஆடு மாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைக் கொண்டு அமினோ அமிலங்களைச் செய்து தருகின்றன. வைக்கோலைத் தின்னும் மாடு பால் தருவதற்கு அந்த நுண்ணுயிர்களும் ஒரு காரணம்.