காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலில் கரிம வரவு

நட்டது முதல் அறுவடைக்குச் சற்று முன் வரை நெல் வயலில் ஜலம் கட்டி வைப்பது நெடுநாளைய வழக்கம். காற்றுப் புகாத அச்சேற்றில் தாளும் தழையும் மக்கும்பொழுது நுண்ணுயிர்கள் மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீதேன் சுமார் 27 டன் கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியை வெப்பப்படுத்தும். வயலை இடையிடையே காயவிட்டால் இவ்வாயு குறைகிறது. இவ்விதம் குறைந்த அளவை, ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு வரவு வீதம் கணக்கிட்டுக் கம்பெனிகளுக்கு விற்கலாம். இதுவே கார்பன் கிரெடிட் எனப்படும் கரிம வரவு.

செய்முறை: ஓரடி நீளமுள்ள குழாயின் அடிப்பாகத்தில் துளைகளிட்டு, 8 அங்குலம் மண்ணுக்குள் இறங்கும்படி வயலில் புதைக்கவேண்டும். நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 6 அங்குலம் இறங்கியதும் 2 அங்குலம் ஜலம் பாய்ச்சவேண்டும். பூக்கும் தருணத்தில் மாத்திரம் வயலைக் காயவிடலாகாது. இவ்வரம்பை மீறாவிடில் மகசூல் குன்றாது. பாசன நீரில் 30 சதவிகிதம் வரை மிச்சமாகும்.

வருமானம்: ஐ.பி.சி.சி. என்னும் சர்வதேச நிபுணர் குழுவின் 2019-ஆம் வருஷக் கணக்கின்படி, தென் ஆசியாவில் இடைவிடாது ஜலம் நிற்கும் வயல் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீதேன் வெளியிடுகிறது. பலமுறை காயவிட்டால் இதில் 45 சதவிகிதம் குறையும். நூறு நாள் ஜலம் நிற்கும் போகத்தில் இது ஏக்கருக்குச் சுமார் 0.4 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது, ஒரு வரவுக்கு இரண்டரை ஏக்கர் வேண்டும். ஆகையால் சிறு குடியானவர் தனித்து விற்பது சாத்தியமன்று. பலருடைய நிலங்களை ஒன்றுசேர்க்கும் இடைநிலைக் கம்பெனி மூலமே விற்கவேண்டும். அளவீட்டுக்கும் தணிக்கைக்கும் ஆகும் செலவு போக மிஞ்சுவதே பங்கிடப்படும். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு மிகுந்து வரவைக் குறைக்கும்.

எச்சரிக்கை: புதிதாகச் செய்த மாறுதலுக்கே வரவு உண்டு, முன்னரே காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிரிடுவோருக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காயவிடுவது அரிது; நீரை வடிக்கவும் பாய்ச்சவும் வசதியுள்ள குறுவை வயலே இதற்கு ஏற்றது. 2024-ஆம் வருஷம் சீன தேசத்து நெல் வயல் திட்டங்கள் 37-ஐ வெரா என்னும் பதிவு நிறுவனம் தள்ளுபடி செய்தது. ஆகவே, பாய்ச்சிய தேதி, காய்ந்த நாட்கள், இட்ட உரம் ஆகியவற்றைத் தவறாது குறித்து வருதல் அவசியம். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பங்கு எவ்வளவு, பணம் எப்பொழுது கிடைக்கும், எத்தனை வருஷம் கட்டுப்பாடு, வரவு தள்ளப்பட்டால் நஷ்டம் யாருடையது என்பவற்றை எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும்.

ஜலமும் இஞ்சின் எண்ணெயும் மிச்சமாவது அந்தப் போகத்திலேயே கைகூடும் இலாபம். கரிம வரவோ பின்னர் வரக்கூடிய உபரி. அதை நம்பி முன்கடன் வாங்குதல் தகாது.