பட்டாவில் உங்கள் பேர் இருக்கிறதா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் களை எடுப்பது, உளுந்து பறிப்பது, மிளகாய்ப் பழம் எடுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் அரசுக் கணக்கில் விவசாயி என்றால் பட்டாவில் பேர் உள்ளவர். அது அநேகமாக அப்பா, கணவர், இல்லையென்றால் அண்ணன்.

அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? இது மானாவாரி (மழையை மட்டும் நம்பிய சாகுபடி) பூமி. மழை பொய்த்தாலும் பயிர் போகும். 2023 டிசம்பர் போலக் கொட்டினாலும் போகும். நிவாரணம், காப்பீடு, சங்கத்துக் கடன் எதற்குப் போனாலும் பட்டாவும் அடங்கலும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற விஏஓ கணக்கு) கேட்பார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசானும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

"நகை போட்டு, சீர் செய்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" சீர் கொடுத்ததால் பங்கு போய்விடாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. அறுபது வயது தாண்டிய பலர் "எனக்குக் கிடையாது" என்று இன்றும் சொல்வது அதனால்தான். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது.

அப்பா 2005 திருத்தத்துக்கு முன்பே இறந்துவிட்டாரா? அப்போதும் உரிமை உண்டு என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகப்பிரிவினை ஆன நிலத்தையோ, விற்றுப்போன நிலத்தையோ இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லையென்றால் அதிலும் உங்களுக்குச் சமபங்கு. இவை இந்துக் குடும்பங்களுக்கான சட்டம். கிறிஸ்தவக் குடும்பத்திலும் உயில் இல்லாவிட்டால் மகன், மகளுக்குச் சமபங்குதான்.

பங்கு கேட்டால் பொறந்த வீடு அத்துப்போகுமே, பொங்கல்படி நின்றுபோகுமே என்ற பயம் இருக்கிறது. சட்டத்தைவிடக் கனமான பயம் அது. லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோர்ட்டுக்குப் போவது ஒன்றே வழி இல்லை. கூட்டுப் பட்டாவில் (பங்காளிகள் எல்லார் பேரும் உள்ள பட்டா) உங்கள் பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தம்பியே உழுதுகொண்டு இருக்கட்டும், பேர் இருக்கும்.

அப்பா இறந்ததும் வாரிசுச் சான்று வாங்குவார்கள். அதில் பெண்மக்கள் பேர் விடுபடாமல் பாருங்கள். "சும்மா ஒரு கையெழுத்து" என்று பத்திர ஆபீசுக்குக் கூப்பிட்டால், அது விடுதலைப் பத்திரமா (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) என்று கேளுங்கள். போட்டுவிட்டால் மீட்பது பெரும்பாடு.

வக்கீல் செலவுக்கு? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். கோர்ட் வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுங்கள், 15100-க்கும் பேசலாம். போகும் முன் உங்கள் குடும்ப நிலத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எப்போதோ கையெழுத்துப் போட்ட பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.