கணிப்பொறியில் உறங்கும் காட்சிகள்

பழைய புகைப்படங்களுக்கு நம் இல்லங்களில் என்றும் மதிப்பு உண்டு. பெற்றோரின் திருமணப் படம் சற்றே மங்கியிருந்தாலும், அதை எடுத்துப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை; கண்ணும் வெளிச்சமும் போதும். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் குடும்பங்கள் சேர்த்து வைத்துள்ள நினைவுகளுள் ஒரு பகுதி அத்தகையதன்று. பதிவு செய்த கருவி ஒன்று. காட்ட வேண்டிய கருவி வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாவிட்டால், நினைவு இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. கணிப்பொறியில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணிப்பொறி வாங்கிய குடும்பங்கள் பல, 'டி.வி. டியூனர் கார்டு' என்னும் சிறு பலகையை அதனுள் பொருத்திக்கொண்டன. கேபிள் கம்பியை அதில் செருகினால் கணிப்பொறித் திரையிலேயே தொலைக்காட்சி தெரியும். பொத்தானை அழுத்தினால் நிகழ்ச்சி பதிவாகும். 2005 ஏப்ரல் 8 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் அடக்கச் சடங்கு ஒளிபரப்பானபோது அதை இவ்வாறு பதிந்து வைத்தவர்கள் உண்டு. 2012-இல் கேபிள் ஒளிபரப்பை டிஜிட்டல் முறைக்கு மாற்றும் பணி இந்தியாவில் தொடங்கி, வீடுதோறும் செட்-டாப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. டியூனர் கார்டின் காலம் முடிந்தது. அதில் பதிந்தவை மட்டும் ஹார்டு டிஸ்கில் தங்கிவிட்டன.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியரான அவ்வீட்டுப் பெரியவர், 2007-ஆம் ஆண்டில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஐம்பது நிமிடங்கள் உரையாடினார். மகன் அதைக் கணிப்பொறியில் பதிந்து வைத்தார். பெரியவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. பேரப்பிள்ளைகள் அவர் குரலைக் கேட்டதில்லை. புதிய ஸ்மார்ட் டி.வி. வாங்கியபின் ஒரு நாள் அந்தப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துச் செருகினார்கள். "இந்தக் கோப்பை இயக்க இயலாது" என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. "கோப்பு கெட்டுவிட்டது" என்று வீட்டார் முடிவு கட்டினர். பழைய கணிப்பொறியைப் பழைய சாமான் வியாபாரிக்குப் போட்டுவிடுவது என்றும் பேச்சு எழுந்தது.

கோப்பு கெட்டிருக்கவில்லை. தொலைக்காட்சிக்கு அதன் மொழி தெரியவில்லை, அவ்வளவே. இந்த வேறுபாட்டை அறியாமையால் எத்தனையோ இல்லங்களில் அரிய பதிவுகள் அழிக்கப்படுகின்றன. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

வீட்டில் பதிவு செய்யலாமா?

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவது நன்று. ஒளிபரப்பை வீட்டில் பதிவு செய்வது முறைதானா என்னும் வழக்கு அமெரிக்காவில் எழுந்தது. சோனி நிறுவனத்தின் வீடியோ பதிவுக் கருவியை எதிர்த்து யூனிவர்சல் திரைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கு அது. 1984 ஜனவரி 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் மிகக் குறுகிய பெரும்பான்மையில், ஒளிபரப்பைப் பதிந்து வேறொரு நேரத்தில் வீட்டாருடன் பார்ப்பது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியொன்றைப் பல ஆண்டுகள் நடத்திவந்த ஃபிரெட் ராஜர்ஸ் அளித்த சாட்சியத்தை நீதிபதிகள் தம் தீர்ப்பில் எடுத்துக்காட்டினர். ஒளிபரப்புக்கு ஏற்பக் குடும்பம் தன் நேரத்தை மாற்றிக்கொள்வதைவிட, குடும்பத்தின் நேரத்துக்கு ஏற்ப நிகழ்ச்சியைப் பார்க்க வாய்ப்பிருப்பது நல்லது என்பதே அவர் கருத்தின் சாரம்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும், ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் அப்பதிவை விற்பதும், ஊரறியத் திரையிடுவதும், இணையத்தில் ஏற்றுவதும் வேறு. வீட்டுக்காகப் பதிந்தது வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்று வாயில்கள்

கணிப்பொறியிலுள்ள பதிவு, தொலைக்காட்சித் திரையில் தோன்றுவதற்கு மூன்று வாயில்களைக் கடந்தாக வேண்டும். எந்த வாயிலில் தடை என்று அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது வாயில், பென் டிரைவின் அமைப்பு. பென் டிரைவுகள் பல 'ஃபேட்32' என்னும் பழைய முறையில் அமைந்தவை. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி. அளவைத் தாண்ட இயலாது. டியூனர் கார்டில் நல்ல தரத்தில் பதிந்த நிகழ்ச்சி மணிக்கு ஏறத்தாழ இரண்டேகால் ஜி.பி. இடத்தைப் பிடிக்கும், எனவே இரண்டு மணி நேர நிகழ்ச்சி அந்த எல்லையைத் தாண்டிவிடும். பென் டிரைவில் இடமிருந்தும் கோப்பு ஏற மறுப்பதன் காரணம் இதுவே. அதனை 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்டிஎஃப்எஸ்' முறைக்கு மாற்றிக்கொண்டால் இத்தடை நீங்கும். மாற்றும்போது அதிலுள்ளவை அழிந்துவிடுமாதலால், அவற்றை முன்னதாகவே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் தொலைக்காட்சி அம்முறையை ஏற்குமா என்று அதன் கையேட்டிலும் பார்த்துக்கொள்க.

இரண்டாவது வாயில், கோப்பின் உறை. கோப்பின் பெயருக்குப் பின்வரும் எழுத்துகள் இதைக் காட்டும்: எம்பிஜி, ஏவிஐ, டிஎஸ், எம்பி4, எம்கேவி எனப் பல. படமும் ஒலியும் சேர்த்துக் கட்டப்பட்ட பொட்டலம் என இதைக் கருதலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மீடியா சென்டர் என்னும் மென்பொருள் 2002-இல் வந்தபோது 'டிவிஆர்-எம்எஸ்' என்ற உறையிலும், விண்டோஸ் 7 காலத்தில் 'டபிள்யூடிவி' என்ற உறையிலும் நிகழ்ச்சிகளைப் பதிந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரே கைவிடப்பட்டது. ஒரு நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்ட இவ்வுறைகளைப் பெரும்பாலான ஸ்மார்ட் டி.வி.கள் அறியா.

மூன்றாவது வாயில், உள்ளே இருக்கும் படத்தின் மொழி. ஒளிபரப்பை அப்படியே பதிந்தால் எந்த வட்டும் கொள்ளாது; ஆதலால் படத்தைச் சுருக்கித்தான் எழுதுகிறார்கள். அச்சுருக்கெழுத்து முறைகள் காலந்தோறும் மாறியுள்ளன. 1990-களின் நடுவில் 'எம்பெக்-2' வந்தது. டியூனர் கார்டுகள் பல இம்முறையைக் கையாண்டன. 2003-இல் 'எச்.264' வந்தது, 2013-இல் 'எச்.265' வந்தது. இன்றைய தொலைக்காட்சிகள் எச்.264 முறையை ஏறத்தாழ எல்லாவிடத்தும் படிக்கும். டிவ்எக்ஸ் போன்ற பழைய முறைகளையோ சில நிறுவனங்கள் தம் புதிய மாதிரிகளில் விட்டுவிட்டன. புதிய பெட்டி பழைய பெட்டியைவிட எல்லாவற்றையும் கூடுதலாகப் படிக்கும் என நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் உண்மை எப்போதும் அவ்வாறன்று. படம் தெரிந்து ஒலி வராமற்போவதும், ஒலி கேட்டுப் படம் வராமற்போவதும் இவ்வாயிலின் தடைகளே.

பாத்திரம் மாற்றுதலும் மீண்டும் சமைத்தலும்

தடையை நீக்குவதற்கு இரு வழிகள் உள. உள்ளே இருக்கும் படத்தின் மொழி தொலைக்காட்சிக்குத் தெரிந்ததாக இருந்து, உறை மட்டும் தெரியாததாயின், உறையை மாற்றினால் போதும். பானையிலுள்ள சோற்றைத் தூக்குச் சட்டிக்கு மாற்றுவது போன்றது இது. சோறு அதே சோறு, சுவை குன்றாது, சில நிமிடங்களில் வேலை முடியும். 'எஃப்எஃப்எம்பெக்' என்னும் இலவச மென்பொருள் இதைச் செய்கிறது.

மொழியே தெரியாதெனில், படத்தை வேறொரு முறையில் மீண்டும் எழுத வேண்டும். இது மறுபடியும் அடுப்பேற்றிச் சமைப்பது போன்றது: நேரம் பிடிக்கும், தரம் சிறிதளவு குறையும். 'ஹேண்ட்பிரேக்' என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, எம்பி4 உறையையும் எச்.264 முறையையும் தெரிவு செய்தால் போதும். கோப்பின் அளவும் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

இவ்விடத்தில் இரு எச்சரிக்கைகள் தேவை. பழைய ஒளிபரப்பு, ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறி மாறி அனுப்பியது. மாற்றும்போது இதைச் சரி செய்யாவிடில், அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள் தெரியும். 'டீஇன்டர்லேஸ்' என்னும் அமைப்பைத் தெரிவு செய்தால் அவை மறையும். அடுத்து, அந்நாளைய படம் நான்குக்கு மூன்று என்னும் அளவில் அமைந்தது. அகன்ற திரை முழுவதையும் நிரப்ப வேண்டுமென்று அதை இழுத்தால் முகங்கள் பருத்துத் தோன்றும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பது குறையன்று. அதுவே சரியான தோற்றம்.

மேலே கூறிய குடும்பத்தார் செய்ததும் இதுவே. எம்பெக்-2 முறையில் இருந்த அந்த ஐம்பது நிமிட உரையாடலை அவர்கள் வீட்டுக் கல்லூரி மாணவி ஒரு மாலைப்பொழுதில் மாற்றி முடித்தாள். இன்று அது தொலைக்காட்சியில் தடையின்றி ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் குரலைக் கேட்டுவிட்டனர்.

கம்பியில்லா வழி

பென் டிரைவே இல்லாமலும் பார்க்கலாம். கணிப்பொறியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபை இணைப்பில் இருந்தால், கணிப்பொறியே ஒரு சிறு ஒளிபரப்பு நிலையமாகச் செயற்படும். கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கென 'டிஎல்என்ஏ' என்னும் பொது விதிமுறையை 2003-இல் பல நிறுவனங்கள் கூடி உருவாக்கின. அந்தக் கூட்டமைப்பு 2017-இல் கலைந்துவிட்டது. எனினும் அவ்விதிமுறை பல தொலைக்காட்சிகளில் இன்னும் உள்ளது. 'ஜெல்லிஃபின்', 'பிளெக்ஸ்' போன்ற மென்பொருள்கள் மேலும் ஒருபடி சென்று, தொலைக்காட்சிக்குத் தெரியாத மொழியிலுள்ள படத்தை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்றி அனுப்புகின்றன. பார்க்கும் நேரம் முழுவதும் கணிப்பொறி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்றே இதிலுள்ள சிரமம்.

திறக்காத பூட்டு

எல்லாப் பதிவுகளையும் இவ்வாறு மாற்றிவிட முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. சில தொலைக்காட்சிகளும் செட்-டாப் பெட்டிகளும் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ நிகழ்ச்சியைப் பதிய இடந்தருகின்றன. அப்பதிவுகள் பெரும்பாலும் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. பெட்டி பழுதானால் பதிவும் போயிற்று. மீடியா சென்டரிலும் ஒளிபரப்பாளர் தடை விதித்த நிகழ்ச்சிகள் பூட்டுடனேயே பதிவாயின. அப்பூட்டை உடைக்க முயல்வது நமக்குரிய வேலையன்று. குடும்பத்தினர் பங்கேற்ற நிகழ்ச்சி ஏதேனும் ஒளிபரப்பாக இருந்தால், இத்தகைய பெட்டியை மட்டும் நம்பியிராமல், அந்நிலையத்தாரிடமே ஒரு பிரதி கேட்டுப் பெறுவது நல்லது.

ஏன் இவ்வளவு முயற்சி?

"நிலையத்தார் வைத்திருக்கமாட்டார்களா?" என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனமே 1960-களிலும் 1970-களிலும் நாடாக்களை மறுபடி உபயோகிப்பதற்காகவும் இடப் பற்றாக்குறையாலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்துவிட்டது. 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகள் அவ்வாறு மறைந்தன. எனினும் அப்பகுதிகளின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கிறது. எவ்வாறு? சாதாரண நேயர்கள் தம் வீடுகளில் டேப் ரிகார்டரில் பதிந்து வைத்திருந்தமையால்! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் பெண்மணி, 2012-இல் மறையும்வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை வீட்டிலிருந்தே பதிந்துவந்தார். அவர் விட்டுச் சென்ற நாடாக்கள் ஏறத்தாழ 70,000. பெரிய நிறுவனங்கள் தவறவிட்டதை இல்லங்கள் காத்துள்ளன.

உள்ளூர்க் கேபிள் நிலையங்களைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? அவற்றுள் பல இன்று இல்லை. அங்கே பேசியவர், பாடியவர், பரிசு பெற்றவர் ஆகியோரின் காட்சி, யாரோ ஒருவர் வீட்டு ஹார்டு டிஸ்கில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். அந்த வட்டும் என்றும் உழைக்கக்கூடியதன்று.

ஆகவே அன்பர்களே, பழைய கணிப்பொறியை விற்குமுன் அதன் வட்டைக் கழற்றி, உள்ளிருப்பவற்றைப் பாருங்கள். தொலைக்காட்சி மறுத்த கோப்பை முதலில் 'விஎல்சி' என்னும் இலவச மென்பொருள் கொண்டு கணிப்பொறியிலேயே இயக்கிப் பாருங்கள். அதில் ஓடினால் கோப்பு உயிருடன் உள்ளது என்றே கொள்ளலாம். எம்பி4 ஆக மாற்றியபின்னும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஒரு முறை மாற்றியதில் குறை இருந்தால் மீண்டும் மாற்றுவதற்கு அதுவே ஆதாரம். இரு வேறு வட்டுகளில் பிரதி எடுத்து, இரு வேறு வீடுகளில் வையுங்கள். கோப்புக்கு "2007 — தாத்தா — உரையாடல்" என்பது போல ஆண்டும் பெயரும் இடுங்கள். தொழில்நுட்பம் அறிந்த இளையவரும், படத்தில் இருப்பவர் யார் என அறிந்த முதியவரும் ஒருசேர அமர்ந்து இதைச் செய்வது நலம். கோப்பை மாற்றும் வழி இளையவருக்குத் தெரியும். அந்த முகங்களின் பெயர்கள் முதியவருக்கே தெரியும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வோம்.