அந்நிய மண்ணில் ஆங்கில ஆசிரியர்

ஆங்கிலம் நாவில் சரளமாகப் புரள்வதனாலேயே ஒருவர் அதனைக் கற்பிக்க வல்லவராகிவிடுவாரா? நம் குடும்பங்களிலிருந்தும் பட்டம் பெற்ற இளைஞர் சிலர் ஆங்கிலம் கற்பிக்கும் பணியை நாடிக் கடல் கடந்து செல்கின்றனர். அவர்கள் வீட்டிற்கு எழுதும் மடல்களில், குளிரையும் உணவையும் பற்றிய குறையை அடுத்து, 'நாளை வகுப்பில் என்ன செய்வதென்றே தெரியவில்லை' என்னும் ஏக்கமும் ஒலிக்கக் காண்கிறோம். அந்த ஏக்கம் முற்றினால், 'இப்பிள்ளைகளுக்குக் கற்க மனமில்லை' என்ற முடிவுக்கு ஆசிரியர் வந்துவிடுகிறார். அம்முடிவே ஆபத்தானது.

ஜப்பான் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1987ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, ஆங்கிலம் பேசும் 4 நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர்ப் பல நாடுகளுக்கு விரிந்த அத்திட்டத்தில் செல்வோருள் மிகப் பெரும்பாலோர் பள்ளிகளில் துணை ஆசிரியராய் அமர்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும்; ஆசிரியப் பயிற்சி கட்டாயமன்று. நேற்றுவரை மாணவராயிருந்தவர் இன்று 30, 40 பிள்ளைகள்முன் 50 நிமிடம் நிற்கவேண்டும். 2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது.

அவர் கேள்வி கேட்கிறார், வகுப்பு ஊமையாகிறது. இது அசட்டையன்று. அனைவர் முன்னும் பிழைபடப் பேசுவதற்கு அஞ்சும் நாணமே பெரிதும் காரணம். மொழியமைப்பும் குறுக்கே நிற்கிறது. 'நான் நேற்று மீனை உண்டேன்' என்பதை ஜப்பானியரும் நம்மைப்போலவே வினையை இறுதியில் வைத்துச் சொல்வர். ஆங்கிலத்திலோ உண்டதை முன்னே சொல்லி, மீனைப் பின்னே சொல்லவேண்டும். நாம் 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' ஆக்குவதுபோல் அவர்கள் 'மில்க்' என்பதை 'மிருக்கு' ஆக்குவர். லகரமும் ரகரமும் அவர்கள் செவிக்கு ஒன்றே. (ழகரத்தோடு மல்லாடும் அயலாரைக் கண்டு நகைத்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும்.)

சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி, வரிசையை மாற்றித் தம் மொழியாக்கிப் படிப்பது அங்கே வேரூன்றிய முறை. பழஞ்சீன நூல்களைக் கற்ற வழக்கத்திலிருந்து வந்தது. குருமடத்தில் நாம் இலத்தீன் கற்றதும் ஏறத்தாழ இப்படித்தான். வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்போம். குடிக்க நீர் கேட்க மட்டும் வராது! 1922இல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்ட ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேய அறிஞர், பேச்சை முதலில் வைக்குமாறு வற்புறுத்தி 1936 வரை அங்கே உழைத்தார். ஆயினும் நுழைவுத் தேர்வின் பிடி தளர்வதாயில்லை. உயர்நிலைப் பள்ளியில் சேரவே தேர்வு எழுதவேண்டிய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண்ணாகவே தோன்றுகிறது.

இந்நிலையில் இளம் ஆசிரியர் விளையாட்டுகளைத் தேடி அலைகிறார். கட்டங்களில் சொற்களை எழுதி, அழைக்கும்போது அடித்துக்கொண்டே வரும் 'பிங்கோ' ஆட்டம் அவற்றுள் ஒன்று. ஆரவாரம் உண்டு, ஆனால் எந்தப் பிள்ளையும் ஒரு வாக்கியமேனும் பேசவேண்டிய தேவை அதில் இல்லை. சிரித்த வகுப்பெல்லாம் கற்ற வகுப்பன்று என்பதே நம் கருத்து.

பேசினாலொழிய நடவாது என்னும் நிலையை உண்டாக்குவதே திட்டமிடுதலின் உயிர். அந்த ஊரின் வரைபடத்தை இரு பிரதிகளாக எடுங்கள். ஒன்றில் அஞ்சலகத்தையும் கோவிலையும் அழித்துவிடுங்கள். மற்றொன்றில் நிலையத்தையும் ரொட்டிக் கடையையும் அழித்துவிடுங்கள். பக்கத்திலுள்ள இருவர்க்கு ஆளுக்கொன்று கொடுத்து, ஒருவர் தாளை ஒருவர் பாராமல் கேட்டுக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். அறியாததை அறிய விழைவது மனித இயல்பன்றோ? வகுப்பின்முன் எழுந்து நிற்க நாணும் சிறுமி, அருகிலிருக்கும் தோழியிடம் தாழ்ந்த குரலில் கேட்பாள். லகர ரகரம் பிறழட்டும். தோழி சரியான இடத்தில் கடையைக் குறித்துவிட்டால் அந்த வாக்கியம் தன் வேலையைச் செய்துவிட்டது. இருவராய்ப் பேசிப் பார்த்தபின் வகுப்பு முழுவதையும் கேட்டால், முன்பு கிடைக்காத விடை கிடைக்கும். தொடக்கத்தில் 10 நிமிடம் ஆசிரியர் பேசினால் போதும்.

உடன் கற்பிக்கும் ஜப்பானிய ஆசிரியரை மறந்துவிடலாகாது. பாடநூலை முடிக்கும் பொறுப்பு அவர் தலைமேல் இருக்கிறது. அயலாரின் புதுமை அந்நூலுக்குப் புறம்பாயிருந்தால், அவரைப் பேசும் ஒலிநாடாவாக மூலையில் நிறுத்திவிடுவார். எனவே அந்த வாரத்துப் பாடத்தின் இலக்கணத்திலிருந்தே வரைபடக் கேள்வியும் எழவேண்டும். பல பள்ளிகளுக்குச் சென்று வருவோர்க்கு உடனாசிரியரோடு அமர்ந்து பேச நேரம் கிடைப்பதரிது. பிள்ளைகள் கேட்கவேண்டிய ஒரு கேள்வி, அதற்கு வேண்டிய நாலைந்து சொற்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஆகும் நிமிடங்கள் ஆகியவற்றை அரைத்தாளில் எழுதி, முந்தின நாளே அவர் மேசைமேல் வைத்துவிட வேண்டும். தாழ்வாரத்தில் நடந்துகொண்டே அவர் படித்து முடிக்கும் அளவே அது இருத்தல் நலம்.