காவலரும் தோழமையும்

பிறர் உறங்கும் வேளையில் விழித்திருத்தல் காவலர் கடன். ஊரார் அவரை மதிப்பதுண்டு, அஞ்சுவதுமுண்டு. ஆயின் மனங்கலந்து பழகுவது அரிது. நேற்று உடனிருந்து உண்டவனை இன்று சிறைப்படுத்த நேரினும் நேரலாம் என்னும் நிலை அவர்க்கும் பிறர்க்கும் இடையே ஒரு திரையை இடுகின்றது. இத்தனிமையே காவலரைத் தம்முள் ஒன்றுபடுத்துவதாயிற்று. அவ்வொற்றுமை யாங்ஙனம் உருப்பெற்றது, எவ்விடத்து இடர்ப்பட்டது என்பவற்றை அறிதற்கு இங்கிலாந்தின் காவலர் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

1829 ஆம் ஆண்டில் சேர் றொபேட் பீல் இலண்டன் மாநகரக் காவற்படையை அமைத்தார். அக்காலக் காவலருக்கு ஊதியம் சிறிது, வேலையோ பெரிது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதனைச் சட்டம் உறுதிப்படுத்தியது 1910 ஆம் ஆண்டிலேயே. ஓய்வூதியத்தை உரிமையாகப் பெற்றதும் 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. இந்நிலையில் ஒரு காவலர் இறப்பின் அவர்தம் மக்கட்குப் புகலிடம் யாது? இவ்வினாவிற்கு விடையாக 1870 ஆம் ஆண்டில் இலண்டன் காவலர்தம் அநாதைப் பிள்ளைகட்கென ஓர் இல்லம் தோன்றியது. காவலர் தத்தம் சிறு ஊதியத்தினின்றும் ஈந்த சந்தாப் பணம் அதனைத் தாங்கியது. இது தோழமையின் முதற்படியாகும்.

எனினும், இறந்தார் மக்களைப் புரத்தல் ஒன்று. உயிரோடிருப்பார் உரிமையைக் கேட்டல் பிறிதொன்று. முதலாம் உலகப்போரின்போது விலைவாசி ஏற, காவலர் குடும்பங்கள் வறுமையுற்றன. 1913 ஆம் ஆண்டில் மறைவாகத் தொடங்கிய காவலர் சங்கம் வலுப்பெற்றது. சங்கப்பணி புரிந்தமைக்காகத் தீல் என்னும் காவலர் வேலையினின்று நீக்கப்படவே, 1918 ஓகத்து 30 ஆம் நாள் இலண்டன் காவலருள் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். மறுநாளே பிரதமர் லொயிட் ஜோர்ஜ் அவர்தம் பிரதிநிதிகளைச் சந்தித்தார். ஊதியம் உயர்ந்தது, கைம்பெண்களுக்கு உதவியூதியம் கிடைத்தது, தீலும் மீண்டும் சேர்க்கப்பட்டார். ஒருவர்க்கு நேர்ந்ததைத் தமக்கு நேர்ந்ததாகப் பலர் கருதியமையின் பயன் இது.

ஆனால் அடுத்த ஆண்டின் கதை வேறு. டெஸ்பரோ பிரபுவின் தலைமையிலமைந்த குழு ஊதிய உயர்வினைப் பரிந்துரைத்தது. அதே வேளையில், காவலர் தொழிற்சங்கத்திற் சேர்தலைத் தடுத்து, அதற்கு ஈடாகக் காவலர் சம்மேளனம் ஒன்றை அமைக்கும் சட்டம் 1919 ஆம் ஆண்டிற் கொணரப்பட்டது. இதனை எதிர்த்துச் சங்கத்தார் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை பெரும்பாலோர் உடன்வரவில்லை. லிவர்பூல் நகரிலோ ஏறத்தாழப் பாதிக் காவலர் விலகி நின்றனர். அங்குக் கடைகள் சூறையாடப்பட்டன. அமைதி காக்கப் படையினர் வரவழைக்கப்பட்டனர். நாடெங்கும் வேலைநிறுத்தஞ் செய்த 2,300 இற்கு மேற்பட்டோர் அனைவரும் நீக்கப்பட்டனர். அவர்கள் மீளச் சேர்க்கப்படவேயில்லை. உயர்ந்த ஊதியத்தை எஞ்சியோர் பெற்றனர். அதற்கு வழிகோலியவருட் பலர் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தனர்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைப் புலப்படுத்தும். காவலரும் மனிதரே, அவர்தம் குறைகளைக் கேட்க முறையானதொரு வாயில் இல்லையேல் அவர் பொறுமை எல்லை கடக்கும். மற்று, காவலர் கைவிட்ட நகரில் முதலில் அல்லலுறுவோர் குற்றமற்ற குடிமக்களே. இவ்விரண்டனையும் ஒருங்கு நோக்குவார்க்கே காவலர் தோழமையின் அருமையும் எல்லையும் விளங்கும்.

உரிமைப் போரின்றியும் தோழமை வளரலாம் என்பதனை லிங்கன்ஷயர்ச் சார்ஜன்ற் ஆதர் துரூப் காட்டினார். 1950 சனவரி முதலாம் நாள் அவர் நிறுவிய சர்வதேசக் காவலர் சங்கம் இன்று 60 இற்கு மேற்பட்ட நாடுகளிற் பரந்துள்ளது. பதவி வேறுபாடு கருதாது காவலரை நண்பராக்கும் அச்சங்கத்தின் குறிக்கோளுரை எஸ்பெராந்தோ மொழியில் அமைந்தது. நட்பின் வாயிலாகப் பணி என்பது அதன் பொருள்.

இறுதியாக ஒன்று. உடன்பணிபுரிவோர் துன்பத்திற் பங்கேற்றல் தோழமை. அவர் குற்றத்தை மறைத்தல் தோழமையன்று. கைதியை அடித்த தோழனுக்காகப் பொய்ச்சான்று கூறுபவன் நட்பைக் காப்பவனல்லன். தான் அணிந்த உடையின் மதிப்பை அழிப்பவனாவான். நண்பன் நெறி கடக்குமிடத்து இடித்துரைத்தலையே வள்ளுவரும் நட்பின் கடனாக வைத்தார். அக்கடனை மறவாத காவலரிடையே தோழமை வளருமாயின், அது காவலர்க்கு மாத்திரமன்றிக் காக்கப்படும் மக்களுக்கும் அரணாகும்.