சமையலறை வேலையும் டிசம்பர் பயணமும்

"சமையலறையை முடித்துவிட்டு நிம்மதியாக ஊருக்குக் கிளம்பலாம்." 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் எங்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. தீபாவளி முடிந்து நவம்பர் 4ஆம் தேதி தரையை உடைப்பது, டிசம்பர் முதல் வாரத்தில் புது அடுப்பில் பால் காய்ச்சுவது, பத்தாம் தேதி திருச்சிக்கு விமானம் ஏறுவது. நேயர்களே, உங்களில் பலரும் இதே கணக்கைப் போட்டு வைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கு ஏன் தவறுகிறது, அதை எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுடையது ஈசூனில் 1980களில் கட்டப்பட்ட நான்கறை வீவக வீடு. நான், கணவர், பிள்ளைகள் இருவர், அத்தை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்தச் சமையலறை அத்தையுடையது. பயணமும் அவருக்காகத்தான். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அந்த ஆண்டு கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக்கூடிய பயணம் அல்ல அது.

குத்தகையாளர் ஐந்து வாரம் என்றார். நான் தலையாட்டினேன். எந்த வாரத்தில் என்ன வேலை என்று கேட்கவில்லை. தொலைக்காட்சியில் பத்து ஆண்டுகளாக மற்றவர்களிடம் கேள்வி கேட்பவள் நான்!

சமையலறை வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அதை யாராலும் மாற்ற முடியாது. முதலில் பழைய அலமாரிகளைக் கழற்றித் தரையையும் சுவர் ஓடுகளையும் உடைப்பார்கள். வீவக வீட்டில் இதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வேண்டும். கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் செய்யவேண்டும். பேரிரைச்சல் தரும் உடைப்பு வேலையை வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. அடுத்தது குழாய், மின்கம்பி. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்றவர் குழாயையும், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்கள் மின்சாரத்தையும் எரிவாயுவையும் பார்ப்பார்கள். அதன்பின் சிமெண்டுப் பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, ஓடு பதித்தல்.

இங்கேதான் நம் கணக்கு இடறுகிறது. அலமாரி செய்பவர் ஓடு பதித்து முடிந்த பிறகே வந்து அளவெடுப்பார். ஓட்டின் கனத்தால் சுவருக்குச் சுவர் உள்ள இடைவெளி மாறும் என்பதால், முன்கூட்டி எடுத்த அளவை நம்பி அவர் பலகையை அறுக்கமாட்டார். பட்டறையில் அலமாரி தயாராக எங்களுக்குச் சொல்லப்பட்ட காலம் மூன்று வாரம். அலமாரியைப் பொருத்தியபின் கல்மேடைக்குத் தனியாக அளவெடுத்தார்கள். கல்லை அறுத்துக் கொண்டுவர மேலும் பத்துப் பன்னிரண்டு நாள். மேடை வந்தால்தான் கழுவுதொட்டி, தண்ணீர், அடுப்பு. நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒரு தடங்கல்கூட வராவிட்டாலும் ஐந்து வாரம் போதாது.

எங்களுக்குத் தடங்கலும் வந்தது. தடுப்புப் பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பது வழக்கம். மறுநாள் காலையில் கீழ்வீட்டுச் சீனப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஈரம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கழிவுநீர்க் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றிப் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. சுரண்டி எடுத்து, மறுபடி பூசி, காயவைத்து, மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்த்ததில் ஒன்பது நாள் போயிற்று. பாட்டிக்கு நாங்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டோம். வருத்தம்தான். ஆனால் ஓடு பதித்தபின் அந்தக் கசிவு தெரிந்திருந்தால் அத்தனை ஓட்டையும் உடைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் வீட்டில் வாழ்க்கை எப்படி? குளிர்பதனப் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. பாத்திரம் கழுவுவது குளியலறையில், முக்காலி போட்டு உட்கார்ந்து. எரிவாயு இல்லை, சாப்பாட்டு மேசையில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. அத்தையின் அலுமினியச் சட்டியும் பித்தளைப் பாத்திரமும் அதில் சூடேறாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டினால்தான் அந்தப் பாத்திரம் ஆகும். வாங்கப் போகும்போது குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, மின்சாரம். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது சுமார் 3,000 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் 2,000. இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் அது சூடேறி உருகக்கூடும். எங்கள் மகன் ஒருநாள் மாட்டியே விட்டான். அத்தை பார்த்துப் பிடுங்கினார். தூசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை; தலையணை உறைக்குள்ளும் இருந்தது.

மூன்று வேளையும் காப்பிக்கடைச் சாப்பாடு பத்து நாளில் அலுத்துவிட்டது. ஆனால் அத்தைக்கு அலுப்பைவிட வேறொன்று இருந்தது. தன் வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று அவர் உட்கார்ந்திருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கசிவு தெரிந்த அன்று இரவு என்னிடம் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் இருந்து வேலையைப் பாருங்கம்மா. டிக்கெட்டை மாத்திடு. அக்காகிட்ட நான் போன்ல பேசிக்கிறேன்."

குத்தகையாளர் வேறு யோசனை சொன்னார். "சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்." பலர் இதற்குச் சம்மதித்துவிடுகிறார்கள். குழாய், மின்கம்பி, தடுப்புப் பூச்சு ஆகியவை நடக்கும்போது வீட்டில் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. ஓட்டுக்குக் கீழே போய்விட்டால் யாராலும் பார்க்க முடியாது. அதற்குரிய பணத்தையும் மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போகக்கூடாது. எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற குத்தகையாளர் என்றால், நிறுவனம் மூடப்பட்டாலும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, சிறு கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

கணவர்தான் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிசம்பர் 3ஆம் தேதி ஓடு முடியும். 6ஆம் தேதி அலமாரிக்கு அளவெடுப்பார்கள். பிறகு மூன்று வாரம் எல்லா வேலையும் பட்டறையில். வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஆள் வரமாட்டார். நாங்கள் ஊரில் இருக்கப்போவது 10 முதல் 28 வரை. பயணத்தை எதற்காகத் தள்ளிப்போட வேண்டும்? கடைசியில் பரிசுபோல வைத்திருந்த பயணம் உண்மையில் நடுவில்தான் பொருந்தியது. அன்றைக்கே தெரிந்திருந்தால் அத்தைக்கு அந்த இரண்டு வாரத் தூக்கம் கெட்டிருக்காது.

தண்ணீரை அடைத்து, தேவையில்லாத மின்சுவிட்சுகளை நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

திருத்துறைப்பூண்டியில் நல்ல மழை. அக்காவும் தங்கையும் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் அத்தை அந்த வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், "இந்த மேடை என் கைக்கு எவ்வளவு வாகா இருக்கு பார்" என்றார். டேப் வைத்து அளந்தேன். 80 செண்டிமீட்டர். எங்கள் வீட்டுக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வரைபடத்தில் 90. அது என் உயரத்துக்குச் சரி. மேடை, நிற்பவரின் முழங்கைக்குப் பத்துப் பதினைந்து செண்டிமீட்டர் கீழே இருந்தால் தோள் வலிக்காது. அத்தையின் உயரம் ஐந்தடிகூட இல்லை. முப்பத்தைந்து ஆண்டு அங்கே சமைத்தவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அங்கிருந்தே குத்தகையாளரை அழைத்தேன். நல்லவேளை, கீழ் அலமாரிக்கு இன்னும் பலகை அறுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். உயரம் குறைந்ததால் 85 செண்டிமீட்டர் சலவை இயந்திரம் மேடைக்குக் கீழே நுழையாது. அதைப் பின்கட்டுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. பாத்திரம் துலக்கும்போது நான்தான் இப்போது கொஞ்சம் குனிகிறேன்.

அலமாரி ஜனவரி 3ஆம் தேதி பொருத்தப்பட்டது. கல்மேடை 16ஆம் தேதி வந்தது, பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து. அந்த ஆண்டு அத்தை கூடத்தில், சாப்பாட்டு மேசைமேல், காந்தம் ஒட்டும் எவர்சில்வர் சட்டியில்தான் பொங்கல் வைத்தார். பால் பொங்கி வழிந்து இண்டக்‌ஷன் அடுப்பு கூக்கூ என்று கத்தி நின்றுவிட்டது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த பெரியத்தை, "அது என்னடி சத்தம்?" என்று கேட்டார்.